இருட்டில் தட்டுப்பட்ட சிவப்பு

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். இடது முன்கையில் அரித்தது. சொறியலாம் என்று விரலை வைத்தால் ஏதோ மேடாகத் தட்டுப்பட்டது. மெல்ல நகர்த்திப் பார்த்தேன். மேடு ஓரிடத்தில் முடிந்தது. ஒரு கோட்டின் அகலத்துக்குத் தோல் சமமாக இருந்தது, அப்புறம் மறுபடியும் மேடு. எண்ணிப் பார்த்தேன், ஐந்து மேடுகள். எழுந்து விளக்கைப் போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் குத்திக்கொண்ட செம்பருத்திப் பூவின் ஐந்து இதழ்களும் எழும்பி நின்றன. இதழைச் சுற்றிய கறுப்புக் கோடு துளிகூட வீங்கவில்லை. பச்சை இலை எப்போதும்போல வழவழவென்று இருந்தது. சிவப்பு நிரப்பிய இடம் மட்டும், அச்சு வைத்து ஊற்றியதுபோல, உயர்ந்திருந்தது.

முதலில் பூச்சிக்கடி என்று நினைத்தேன். பிறகு சோப்பை மாற்றினேன். இரண்டு வருடம் சும்மா இருந்த டாட்டூ இப்போது ஏன் கிளம்ப வேண்டும், அதுவாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று வாரத்தை வீணாக்கினேன். அதற்குள் அரிப்பில் தூக்கம் போய்விட்டது. ராத்திரியில் என்னை அறியாமல் சொறிந்து, காலையில் போர்வையில் ரத்தப் பொட்டு இருந்தது.

தோல் மருத்துவர் கையைப் பார்த்ததும், "சிவப்பு மட்டும்தானே?" என்று கேட்டார். ஆச்சரியமாக இருந்தது. ஏதோ பழகிய முகத்தைப் பார்த்ததுபோல இருந்தது அவர் பார்த்த விதம். அடுத்துக் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "என்ன மைன்னு தெரியுமா? பாட்டில் பேர், நம்பர், ஏதாவது?"

தெரியாது. வரைபடத்தை நானே நாலு முறை மாற்றச் சொல்லியிருந்தேன். எந்த அளவு, எந்தக் கோணம், இலை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒரு மாதம் யோசித்திருந்தேன். ஊசி புதிதுதானா என்று கேட்டிருந்தேன், உறையை என் கண் முன்னால்தான் பிரித்தார்கள். ஆனால் உடம்புக்குள் என்ன போகிறது என்று கேட்கவே இல்லை. "சிவப்பு" என்று மட்டும்தான் அந்த மருத்துவரிடம் என்னால் சொல்ல முடிந்தது.

அதற்கப்புறம் தேடிப் படித்ததையும், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். இவை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் டாட்டூ குத்தியிருக்க மாட்டேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. வேறு விதமாகக் குத்தியிருப்பேன்.

டாட்டூ என்றால் ஒரு புண், அது ஆறிப்போனால் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்தோலில் மையைக் கொண்டுபோய் வைக்கிறது. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும். உள்தோல் அப்படி உதிராது. ஆனால் மை அங்கே நிற்பதற்கு அது மட்டும் காரணம் இல்லை. மை உள்ளே வந்ததும் உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்கள் ஓடிவந்து துகள்களை விழுங்குகின்றன. கிருமியாக இருந்தால் செரித்துவிடும். மைத்துகளைச் செரிக்க முடியாது. அதனால் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகின்றன. நம் கண்ணுக்குத் தெரிகிற படம், பெருமளவு அந்தச் செல்களுக்குள் இருக்கிற நிறம்தான்.

2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளிடம் ஒன்றைக் காட்டினார்கள். அந்தச் செல் சாகும்போது மை வெளியே கொட்டுகிறது, பக்கத்தில் புதிதாக வரும் செல் அதை மறுபடி விழுங்கிக்கொள்கிறது. பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது. இதைப் படித்த அன்று கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மறந்துபோன ஒரு வேலையை என் தோல் ஒரு நாள்கூட நிறுத்தாமல் செய்துகொண்டிருந்திருக்கிறது.

எல்லாத் துகளும் தோலிலேயே தங்குவதும் இல்லை. கொஞ்சம் நிணநீரோடு போய் அக்குளிலும் தொடை இடுக்கிலும் இருக்கிற நிணநீர்க் கணுக்களில் சேர்கிறது. டாட்டூ போட்டவர்களின் கணுக்கள் நிறம் மாறியிருப்பது அறுவை சிகிச்சை செய்பவர்களுக்குப் பழக்கமான காட்சி. 2017-இல் ஜெர்மன், பிரெஞ்சு விஞ்ஞானிகள் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள சிங்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கியின் எக்ஸ் கதிரை வைத்து, இறந்தவர்களின் தோலையும் கணுக்களையும் ஆராய்ந்தார்கள். வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்களாகக் கணு வரைக்கும் போயிருந்ததைக் கண்டார்கள்.

இதனால் நோய் வருமா? ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 11,905 பேரை வைத்துச் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு, டாட்டூ உள்ளவர்களுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 21% கூடுதலாகத் தெரிந்ததாகச் சொன்னது. ஆனால் டாட்டூ பெரிதாக இருந்தால் ஆபத்தும் பெரிதாகும் என்கிற தொடர்பு அதில் தெரியவில்லை. டாட்டூதான் காரணம் என்று அந்த ஆய்வை வைத்து முடிவு கட்டவும் முடியாது. அரிய நோய் ஒன்றின் சின்ன வாய்ப்பு கொஞ்சம் கூடினாலும் சின்னதாகவே இருக்கும். இதைக் காட்டி யாரையும் பயமுறுத்துவது சரியில்லை என்பது என் எண்ணம். என் கையில் நடந்ததோ தினமும் தோல் மருத்துவர்கள் பார்க்கிற விஷயம். அதைப் பற்றித்தான் போதுமான பேச்சே இல்லை.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் டாட்டூ உள்ள 300 பேர் அளவில் நேரில் கேட்டு, 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 10% பேர் ஏதோ ஒரு தொந்தரவு வந்ததாகச் சொன்னார்கள். 6% பேருக்கு அது நாலு மாதத்துக்கு மேல் நீடித்த அரிப்பு, தடிப்பு, வீக்கம். நூற்றுக்கு ஆறு என்பது குறைவு இல்லை.

ஏன் சிவப்பு? ஒரு காலத்தில் சிவப்பு மைக்குப் பாதரசம் கலந்த ஜாதிலிங்கத்தைப் பயன்படுத்தினார்கள், அதற்கு ஒவ்வாமை வந்தது. இப்போது பாதரசம் பெரும்பாலும் போய், ஏசோ சாயங்கள் என்ற கரிம நிறமிகள் வந்துவிட்டன. ஒவ்வாமை மட்டும் போகவில்லை. இந்த நிறமிகளில் பல, வண்டிக்கு அடிக்கிற பெயின்ட்டுக்காகவும் பிளாஸ்டிக்குக்காகவும் அச்சு மைக்காகவும் உருவானவை. மனிதத் தோலுக்குள் பல வருடம் இருக்க வேண்டும் என்று யோசித்து யாரும் அவற்றைச் செய்யவில்லை. வெயிலிலும் உடம்பின் வேதியியலிலும் அவை மெல்ல மெல்லச் சிதைகின்றன. அப்படிச் சிதைந்து வரும் சின்னத் துண்டு ஏதோ ஒன்று நம் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும்போதுதான் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்வதாக மருத்துவர்கள் கருதுகிறார்கள். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். என் "இரண்டு வருடம் சும்மா இருந்ததே" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

இதே காரணத்தால்தான் முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பதும் உதவுவதில்லை. முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் எனக்கு எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுக்கலாம். ஆனா பெரும்பாலும் ஒண்ணும் காட்டாது" என்றார் மருத்துவர். ஒவ்வாமை தருகிற பொருள் பாட்டிலில் இல்லை, அது என் தோலுக்குள் பிறந்தது. சிலர் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி குத்தி ஒரு வாரம் பார்த்துவிட்டு, "ஒன்றும் ஆகவில்லை, தைரியமாகப் போடலாம்" என்கிறார்கள். அந்தப் புள்ளி அவ்வளவு பெரிய உத்தரவாதத்தைத் தராது.

மற்ற நிறங்களும் முழுக்கச் சாது இல்லை. காட்மியம் சல்ஃபைடு உள்ள மஞ்சள், வெயில் பட்டால் வீங்கலாம். பச்சையில் குரோமியம், நீலத்தில் கோபால்ட் இருந்த பழைய மைகளும் தொந்தரவு தந்திருக்கின்றன. கறுப்பு பெரும்பாலும் கார்பன் கரி. ஒவ்வாமை அதில் அரிது. ஆனால் கறுப்பு டாட்டூ திடீரென்று முடிச்சு முடிச்சாகத் தடித்தால், அதுவும் உடம்பின் வேறு இடத்து டாட்டூவும் ஒரே நேரத்தில் தடித்தால், தோலைத் தாண்டியும் பார்க்க வேண்டும். சார்காய்டோசிஸ் என்ற நோய் நுரையீரலையும் கண்ணையும் தாக்கும். அது முதலில் தலைகாட்டுவது சில சமயம் பழைய டாட்டூவில்தான். கண் சிவந்து வலித்து, கூடவே டாட்டூ வீங்கினால் ஒரே நாளில் இரண்டையும் காட்டிவிடுங்கள். எனக்குத் தோலில் சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியதும் இதற்காகத்தான். சார்காய்டோசிஸ் இல்லை, ஒவ்வாமைதான் என்று வந்தது.

அந்த முடிவுக்காகக் காத்திருந்த நாளில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். எனக்கு எதிரே பத்து வயசு இருக்கும் ஒரு பெண்குழந்தை, கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்கையில் ஒரு வண்ணத்துப்பூச்சி. நிறம் போய்விட்டது. வண்ணத்துப்பூச்சியின் உருவத்திலேயே கொப்புளங்கள், சிறகின் வளைவு பிசகாமல், நீர் கோத்து நின்றன. "இது டாட்டூகூட இல்லைங்க, ஒரு வாரத்துல போயிடும்னு சொன்னாங்க" என்று அவள் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

அது கறுப்பு மருதாணி. மருதாணி இலையில் கறுப்பு வராது, செம்பழுப்புத்தான் வரும், அதற்கும் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சீக்கிரம் பிடிக்கவும் கறுப்பாகத் தெரியவும் முடிச்சாயத்தில் போடுகிற பிபிடி என்ற பாரா ஃபெனிலீன் டை அமீனைச் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் முடிச்சாயத்திலேயே, தலையில் தடவும்போது அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தோலில் நேரடியாகப் பூச அனுமதியே இல்லை. கொப்புளம் ஆறிவிடும். ஒவ்வாமை ஆறாது. ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். அந்தக் குழந்தை இருபது வருடம் கழித்து முடிக்குச் சாயம் பூசினால் முகமே வீங்கக்கூடும். பிபிடியோடு வேதி உறவுள்ள, உடம்பை மரத்துப்போக வைக்கிற சில மருந்துகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். நிரந்தர டாட்டூ ஆபத்து, தற்காலிகமானது விளையாட்டு என்று குழந்தைகளின் கையை நீட்டுகிறோம். எனக்கு மனசு தாங்காத இடம் இதுதான்.

நோய்த்தொற்று பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. பரவும். டாட்டூ போட்டவர்கள் சில மாதமாவது ரத்த தானம் செய்யக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருப்பது அதனால்தான். எனக்குப் புதிதாக இருந்தது வேறு. ஊசி புதிதாக, கை சுத்தமாக, கடை பளபளவென்று இருந்தாலும் மையே கெட்டிருக்கலாம். 2011 கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் 19 பேருக்கு டாட்டூவில் ஆறாத தடிப்பு வந்தது. எல்லாருக்கும் நிழல் தீட்டப் பயன்பட்டது முன்பே நீர்த்து விற்கப்பட்ட ஒரே சாம்பல் மை. திறக்காத பாட்டிலிலும் மைகோபாக்டீரியம் கெலோனே என்ற கிருமி இருந்தது. தண்ணீரில் வாழ்கிற, காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அடங்காது, சரியான மருந்தை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 14 தயாரிப்பாளர்களின் 75 மை மாதிரிகளைச் சோதித்தபோது 26-இல் பாக்டீரியா இருந்தது. சீல் பிரியாத பாட்டில் என்பதாலேயே உள்ளே இருப்பது சுத்தம் என்று ஆகாது. அதனால் நிழலுக்கு மையை நீர்க்கும்போது குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்களா, கிருமி நீக்கிய தண்ணீரா என்று கேட்பது அவமரியாதை இல்லை.

குத்திய பிறகு நாம் செய்கிற தப்பும் உண்டு. 31 வயது மனிதர் ஒருவர், காலில் புது டாட்டூ போட்ட ஐந்தாம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் நீந்தினார். ஈரல் நோய் உள்ளவர். கடல்நீரில் இருந்த விப்ரியோ வல்னிஃபிகஸ் கிருமி அந்தப் புண் வழியாகப் போய், சிகிச்சையில் இரண்டு மாதம் போராடியும் அவர் பிழைக்கவில்லை. 2017-இல் மருத்துவ இதழில் வெளியான நிகழ்வு இது. மேல்தோல் மூட இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். அதுவரை கடலும் குளமும் நீச்சல் குளமும் வேண்டாம் என்று சொல்வது சம்பிரதாயத்துக்கு இல்லை.

சரி, என் கைக்கு வருகிறேன். எனக்கு டாட்டூ குத்திவிட்டவரைத் தேடிப்போனேன். நல்ல மனிதர், கையைப் பார்த்து முகம் வாடிவிட்டது. "அந்த பாட்டில் அப்பவே தீர்ந்திருக்கும்ங்க. லேபிள்ல கலர் பேர் மட்டும்தான் போட்டிருப்பான்" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? லேபிளில் எழுதியிருந்தாலும் நம்ப முடியுமா என்பதே கேள்வி. 2024-இல் வெளியான, அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வில் 54 மைகளைப் பகுத்துப் பார்த்தார்கள். 45-இல் லேபிளில் சொல்லாத ஏதோ ஒன்று இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் டாட்டூ மையில் 4,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களுக்குத் தடையோ வரம்போ விதித்திருக்கிறது. அந்த மாதிரி விதி எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று நான் முழு மனசோடு விரும்புகிறேன். கலைஞரின் கையில் ஊசி இருக்கிறது, பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாமல் இருப்பது அவருக்கும் அநியாயம்.

சிகிச்சை மெதுவாகத்தான் நடக்கிறது. முதலில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பு, பயனில்லை. பிறகு ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஸ்டீராய்டு ஊசி. ஊசி மெல்லியதுதான், ஆனால் தடித்த தோலுக்குள் மருந்து இறங்கும்போது இறுக்கிப் பிழிகிற வலி. நாலாம் நாள் அரிப்பு நின்றது, மாதக்கணக்கில் முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினேன். மூன்றாவது மாதம் திரும்பி வந்தது. மறுபடி ஊசி. அடிக்கடி போட்டால் தோல் மெலிந்து குழி விழும் என்பதால் இடைவெளி விட வேண்டியிருக்கிறது.

லேசரில் அழித்துவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நானும் கேட்டேன். மருத்துவர் ஒத்துக்கொள்ளவில்லை. லேசர் மையை அழிப்பதில்லை, நொறுக்குகிறது. ஏற்கனவே ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த நொறுங்கிய துகள் உடம்பு முழுக்கப் பரவினால், மேலெல்லாம் தடித்து மூச்சுத் திணறல் வரைக்கும் போகலாம். கோபன்ஹேகனில் டாட்டூ தொந்தரவுகளுக்கென்றே ஒரு மருத்துவமனைப் பிரிவு இருக்கிறது. அங்கே அடங்காத சிவப்பை டெர்மடோம் என்ற கருவியால் மெல்லிய படலங்களாகச் சீவி எடுக்கிறார்கள். எனக்கும் கடைசியில் அதுவாக இருக்கலாம். (ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு லேசர் சரிதான். ஆனால் நிறமுள்ள தோலில் தழும்பும் வெளுப்பும் வர வாய்ப்பு அதிகம், அனுபவம் உள்ளவரிடம் மட்டும் போங்கள். வெள்ளை, தோல்நிற மை லேசர் பட்டால் கறுத்துப்போவதும் உண்டு.)

எம்.ஆர்.ஐ. எடுத்தால் டாட்டூ வெந்துவிடுமா என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் 330 பேரின் 932 டாட்டூக்களைக் கவனித்து 2019-இல் சொன்னதில், டாட்டூவால் வந்த தொந்தரவு ஒரே ஒருவருக்கு, அதுவும் லேசானது. டாட்டூ இருப்பதைச் சொல்லிவிட்டுப் படுங்கள், பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

போன மாதம் தங்கை வந்தாள். தோளில் ஒரு கொடி போட ஆசை, நிறைய நாளாக. "நீ வேண்டாம்னுதான் சொல்லப்போறே அக்கா" என்றாள். சொல்லவில்லை. அவள் தோளைப் பார்த்தேன். கொடி படர வேண்டும் என்று அவள் காட்டிய இடத்தில் ஒரு மச்சம். அதன்மேல் மட்டும் மை வேண்டாம் என்றேன். மச்சம் நிறம் மாறினாலோ பெரிதானாலோ கண்ணுக்குத் தெரிய வேண்டும், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மைக்கு அடியில் ஒளிந்துகொண்டு தாமதமாகக் கண்டுபிடித்த சம்பவங்கள் இருக்கின்றன. காயம் பட்டால் தடித்துப் பெரிதாகிற கெலாய்டு தழும்பு அவளுக்கு இல்லை. சோரியாசிஸும் வெண்புள்ளியும் இல்லை. இருந்தால் ஊசி பட்ட இடத்தில் அவை கிளம்பலாம், அப்போது வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். சிவப்புப் பூ ஒன்று இருந்தது வரைபடத்தில். என் கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார் என்றேன். விரலை ஓட்டினாள். மூன்றாவது இதழில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

நேற்று மதியம் அவளிடமிருந்து இரண்டு புகைப்படங்கள் வந்தன. முதலாவதில் மை பாட்டில், சீல் பிரிப்பதற்கு முன்னால். தொகுதி எண், காலாவதித் தேதி, கிருமி நீக்கியது என்ற வரி, எல்லாம் தெரியும்படி லேபிளைத் திருப்பித் திருப்பி எடுத்திருந்தாள். அதைப் பெரிதாக்கிப் படித்தேன். நிறமி என்ற இடத்தில் ஒரே ஓர் எண், சி.ஐ. 77266. கார்பன் கறுப்பு. இரண்டாவது படத்தில் அவள் தோள், மச்சத்தைச் சுற்றிக்கொண்டு வளைந்துபோகிற கொடி. பூ இல்லை. என் பரிசோதனை அறிக்கையை வைத்திருக்கும் கோப்பிலேயே அந்த லேபிள் படத்தையும் அவள் பெயர், தேதி போட்டுச் சேர்த்துவைத்தேன்.